வளைகுடாவில் ஒரு மரணம்: உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கமா, அஸ்தி மட்டும் போதுமா?

செய்தி வந்த அரைமணி நேரத்தில் ஊரில் எழும் கேள்வி "பாடி எப்ப வரும்?" என்பதுதான். வந்தே ஆகவேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஈரமில்லாதவன் என்ற பேர்தான் மிச்சம். ஆனால் வழிகள் மூன்று இருக்கின்றன. எது சரிவரும் என்பதைச் சடங்கு மட்டும் முடிவுசெய்வதில்லை. எந்த நாடு, எப்படி இறந்தார், எத்தனை நாளாக மார்ச்சுவரியில் கிடக்கிறார் என்ற மூன்றும்தான் பாதி முடிவை எடுத்துவிடுகின்றன.

முதலில் நாடு. சவூதி, குவைத், கத்தார் மூன்றிலும் தகனத்துக்கு வழியில்லை. இந்துக் குடும்பத்துக்கு அங்கிருந்து உடலைக் கொண்டுவருவது ஒன்றுதான் நடைமுறை வழி. அமீரகம், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் இந்துக்களுக்கு எரிமேடை உண்டு. துபாய்க்காரர்களுக்கு அது ஜெபல் அலியில் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு எல்லா நாடுகளிலும் அடக்கஸ்தலம் உண்டு. கிறிஸ்தவர்களுக்கு அமீரகத்தில் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. சவூதியில் முஸ்லிம் அல்லாதவர்களைப் புதைக்க இடம் கிடைப்பது அரிது.

உடலைக் கொண்டுவருவது

துபாயை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை மரண அறிவிப்பு தரும். அதை வைத்துப் போலீஸ் தடையில்லாச் சான்று, அதை வைத்து அரபியிலும் ஆங்கிலத்திலும் இறப்புச் சான்றிதழ். பிறகு இந்தியத் துணைத் தூதரகம்: அங்கே பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, மரணத்தைப் பதிவுசெய்து, உடலை எடுத்துச்செல்ல என்ஓசி (தடையில்லாச் சான்று) தருவார்கள். விசா ரத்து தனி. அதன்பின் சோனாப்பூர் என்று நம்மவர்கள் சொல்லும் முஹைஸ்னாவில் எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது), பெட்டி, கடைசியாக ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு). ஒரு தாள் கிடைத்தால்தான் அடுத்த தாள் நகரும். வெள்ளி, சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் நாள் நழுவும்.

இந்தியப் பக்கத்திலும் ஒரு வாசல் உண்டு. 1954ஆம் ஆண்டின் இந்திய விமான பொதுச் சுகாதார விதிகளின்படி, உடல் இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி அனுமதிக்க வேண்டும். 2023 முதல் இதற்கு இ-கேர் என்ற இணையதளம் இருக்கிறது. இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரக என்ஓசி, ரத்தான பாஸ்போர்ட் நகல் ஆகிய நான்கையும் அதில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் கார்கோ ஏஜென்ட்டே செய்துவிடுவார். ஏற்றிவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். நம்மவர் பாஸ்போர்ட்டில் இனிஷியல் அப்பா பெயராக விரிந்து முன்னாலோ பின்னாலோ நிற்கும். அது அரபிக்குப் போய்த் திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது வேறு ஆளாகிவிடும். சான்றிதழ் அச்சாகும் முன் பாஸ்போர்ட் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே விட்ட ஒரு எழுத்து, பிறகு இன்சூரன்ஸிலும் வங்கியிலும் மாதக்கணக்கில் இழுக்கும்.

செலவு யாருடையது? அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி, குடும்பம் கேட்டால் உடலைத் தயார்செய்து சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவு முழுவதும் கம்பெனியுடையது. "கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் குரல்செய்தியில் அழுதால் அது கேட்டதாகாது, எழுத்தில் கேளுங்கள். இறந்தவருக்குச் சேரவேண்டிய சம்பளமும் பணிக்கொடையும் 10 நாளில் குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சவூதிச் சட்டத்திலும் இந்தப் பொறுப்பு முதலாளிக்குத்தான். குடும்பச் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்தாலோ, அந்நாட்டுச் சமூகக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டாலோ மட்டும் விலக்கு. கஃபீலை, அதாவது விசா கொடுத்த முதலாளியை, விட்டு ஓடி 'ஹுரூப்' (ஓடிப்போனவர்) என்று பதிவானவர், இகாமா (தங்கும் அனுமதி அட்டை) காலாவதியானவர், விசிட் விசாவில் போனவர் இவர்களுக்குப் பிடித்துக் கேட்க முதலாளி இல்லை. அப்போது தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2009இல் தொடங்கியது, குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான் தருவார்கள்.

ஒரு காலத்தில் உடலைப் பெட்டியோடு தராசில் ஏற்றிக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். அமீரகத்திலிருந்து வரும் உடல்களுக்கு ஏர் இந்தியா 2019 ஜனவரியில்தான் அதைக் கைவிட்டு 1,500 திர்ஹாம், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 750 திர்ஹாம் என்று ஒரே கட்டணம் வைத்தது. இன்றைய கட்டணத்தைக் கார்கோ பிரிவில் நேரடியாகக் கேளுங்கள். இடையில் இருப்பவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம்.

திருச்சியோ சென்னையோ, உடல் பயணிகள் வாசல் வழியே வராது. கார்கோ வாசலுக்குப் போகவேண்டும்; பெற்றுக்கொள்பவர் என்று தாளில் பெயர் இருப்பவர் அடையாள அட்டையோடு வரவேண்டும். அங்கிருந்து ஊருக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ நேராகவோ அயலகத் தமிழர் நலத்துறையிடம் ஏர்வே பில் எண்ணோடு முன்கூட்டியே கேட்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் நடப்பதைத்தான் யாரும் சொல்லிவைப்பதில்லை. பெட்டி திருகாணியும் ஆணியும் அடித்து வரும்; சிலவற்றில் உள்ளே தகரமும் இருக்கும். ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், கட்டிங் பிளேயரோடு ஒரு ஆசாரியைத் தயாராக வைத்திருங்கள். திறந்தவுடன் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும், அதனால் அறைக்குள் வேண்டாம், பந்தலில் திறக்கவும். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். மூன்று நான்கு நாளில் வந்த உடலில் முகம் தெரியும். வாரக்கணக்கில் கிடந்து வந்தால் கறுத்து, வீங்கி, அடையாளம் மாறியிருக்கலாம். அந்த நிலையில் வீட்டுப் பெண்களுக்குக் காட்டும் முன் இரண்டு பேர் பார்த்துவிட்டு முடிவுசெய்வது நல்லது. எரிப்பதானால் உடலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், தகரம் எரியாது.

அங்கேயே தகனம், அஸ்தி மட்டும் ஊருக்கு

அமீரகத்தில் இயற்கை மரணம், மகனோ தம்பியோ அங்கேயே இருக்கிறார் என்றால் இந்த வழியை நம்மவர்கள் தேவைக்கு அதிகமாகவே ஒதுக்குகிறார்கள் என்பது எங்கள் எண்ணம். இறப்புச் சான்றும் தூதரக என்ஓசியும் இதற்கும் வேண்டும். ஆனால் எம்பாமிங், பெட்டி, கார்கோ எதுவும் இல்லை. கொள்ளி வைத்து, எலும்பும் சாம்பலும் பொறுக்கி, கைப்பையில் எடுத்துவரலாம். பித்தளைச் செம்பு வேண்டாம். ஸ்கேனரில் உள்ளே இருப்பது தெரியாமல் நிறுத்திவிடுவார்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் கலயத்தில் மூடி, மேலே துணி சுற்றி, தகனச் சான்று, இறப்புச் சான்று, என்ஓசி மூன்றையும் கையிலேயே வைத்துக்கொள்ளவும். விமான நிறுவனத்திடமும் முன்பே சொல்லிவிடுங்கள். ராமேஸ்வரமோ அம்மா மண்டபமோ பவானி கூடுதுறையோ, கரைப்பதும் பதினாறாம் நாள் காரியமும் ஊரில் வழக்கம்போல நடக்கும். இழப்பது ஒன்றுதான்: அம்மாவும் மனைவியும் முகம் பார்க்க முடியாது. அது சின்ன இழப்பல்ல. அவர்களைக் கேட்காமல் ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்தால் ஆயுசுக்கும் பேச்சு நிற்கும்.

அங்கேயே அடக்கம்

முஸ்லிம் குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் விவாதமே இல்லாத வழி. சீக்கிரம் அடக்குவதுதான் முறை. எம்பாமிங் செய்த உடலை முறைப்படி குளிப்பாட்டுவதும் சிரமம். ஹஜ்ஜில் இறப்பவர்களை அங்கேயே அடக்குவதுதான் நடைமுறை. ஆனால் வேலைக்குப் போய் இறந்தவரை அடக்கவும் வாரிசுகளின் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு, தூதரகம் கேட்கும் வாசகத்தில் வேண்டும். அது வரும்வரை உடல் மார்ச்சுவரியில்தான்.

பவர் எழுதும்போது

எந்த வழியானாலும் வாரிசுகள் யாருக்காவது பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்க நேரும். தாமதம் தாங்காமல், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதில் "உடலைப் பெறவும், அனுப்பவும் அல்லது அடக்கவும்" என்பதோடு நிறுத்துங்கள். சம்பளப் பாக்கி, இழப்பீடு, விபத்து வழக்கில் சமரசம் என்று வாசகம் நீண்டால் அடித்துவிடுங்கள்; அதற்குத் தனியாக, யோசித்து, பிறகு எழுதலாம்.

சந்தேகம் இருந்தால்

வேலையிட விபத்து, தற்கொலை என்று சொல்லப்படும் மரணம், உடம்பில் காயம் என்று எதுவானாலும் அங்கே எரிக்கவோ அடக்கவோ சம்மதிக்காதீர்கள். எரித்துவிட்டால் மறு பிரேதப் பரிசோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை. போலீஸ், தடயவியல் என்று நாள் கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். உடல் வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மறு பரிசோதனை கேளுங்கள். எம்பாமிங் செய்த உடலில் விஷப் பரிசோதனை சிக்கல். எலும்பு முறிவு, காயம் போன்றவை தெரியும். அதனால் வெளிநாட்டு மருத்துவ அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

குடியகல்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) பெற்றுப் போனவராக இருந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி இருக்கும். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். பாலிசிக் காலம் 2 அல்லது 3 ஆண்டு; முடிந்துவிட்டதா என்று பாருங்கள். விபத்து மரணம்தான் என்று தூதரகம் தரும் சான்றைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். உடல் அங்கே அடங்கியதா இங்கே எரிந்ததா என்பதற்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை.

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு பொறி பாக்கி. ஊர்ச் சுடுகாட்டில் எரித்தாலும், வெளிநாட்டில் நடந்த மரணத்தை நம் ஊராட்சியோ நகராட்சியோ பதிவுசெய்யாது. மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் இறப்புப் பதிவுதான் இங்கே செல்லும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போதும் அதைத்தான் காட்டவேண்டும். என்ஓசி வாங்கும் அதே நாளில் இதையும் வாங்கச் சொல்லுங்கள். அசலைப் பெட்டியோடு ஒட்டி அனுப்பவிடாதீர்கள். ஆள் கையில் கொடுத்தனுப்பட்டும், அதற்கு முன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டும்.