ஊட்டுவதா, விட்டுப் பிடிப்பதா?

எங்கள் வீடு கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அக்கா வீடு தமிழ்நாட்டில் பொள்ளாச்சி. நடுவில் கோபாலபுரம் செக்போஸ்ட், அவ்வளவுதான் தூரம். ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அக்கா துரத்தித் துரத்தி ஊட்டுவாள். நான் தட்டை வைத்துவிட்டு என் சாப்பாட்டைப் பார்ப்பேன். போன ஓணத்துக்கு அவள் மகனோடு வந்து நான்கு நாள் தங்கினாள். நான்கு நாளும் இதே வாக்குவாதம்தான்.

ஊட்டும் கட்சியைக் கேவலமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மூத்தவனுக்கு மூன்று வயது ஆகும்வரை நானும் கையில் செல்போனைக் கொடுத்து வாயில் உருண்டையைத் தள்ளியவள்தான். தட்டு காலியாகும், பாட்டி மனசு குளிரும், பள்ளி வேனையும் பிடித்துவிடலாம். ஆனால் போதும் என்று வயிறு சொல்வது திரையில் கண் பதித்திருக்கும் பிள்ளைக்குக் கேட்பதில்லை. போதாததற்கு நம் கணக்கும் தப்பு. முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்காகிறது. அடுத்த வருடம் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையத்தானே செய்யும்? அதைத்தான் நாம் "புள்ள சாப்பிடவே மாட்டேங்குது" என்கிறோம்.

வற்புறுத்தினால் கூடுதலாகவாவது உள்ளே போகுமா? அமெரிக்காவில் லீயன் பர்ச் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சின்னப் பிள்ளைகள், யாரும் எதுவும் சொல்லாதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். கூடவே சூப்பைப் பற்றிக் குறையும் சொன்னார்கள்.

அடுத்தது லஞ்சம். கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம். எல்லா வழிகளிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான், ஊட்டுவதைவிட மோசம். முதல் நாள் மத்தியானம் இலையில் அவியல் விழுந்ததும், விரலால்கூடத் தொடாமல் அக்கா மகன் கேட்டான்: "சித்தி, இதத் தின்னா என்ன குடுப்பீங்க?"

ஏழு வயசு. ருசி பார்க்கும் முன்னே பேரம்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. வேண்டாம்னா வெச்சிரு" என்றேன். அவன் அக்கா முகத்தைப் பார்த்தான், அக்கா என்னை முறைத்தாள். பரிசு என்று ஒன்றைக் காட்டிவிட்டால், அதற்கு முன்னால் தின்ன வேண்டியது தண்டனை என்று பிள்ளை தானாகவே புரிந்துகொள்கிறது. பர்ச் 1984-லேயே இதைச் சோதித்தார். புளித்த பால் பானம் ஒன்றைப் பரிசுக்காகக் குடித்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பம் குறைந்துபோனது.

அப்புறம் தடை. வீட்டில் சிப்ஸே கிடையாது, பேக்கரிப் பக்கமே போகக் கூடாது என்பது. பாலக்காட்டுச் சாலையில் பத்தடிக்கு ஒரு கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற மணம் வரும்போது இது எத்தனை நாள் தாங்கும்? கேரள அரசே 2016-ல் பெரிய பெயர்க் கடைகளின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டுப் பார்த்தது. மறு வருடம் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. தட்டுக்கடைப் பரோட்டாவையும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியையும் அந்த வரி தொடவே இல்லை என்பது தனி வேடிக்கை. வீட்டுத் தடையும் அப்படித்தான், நம் வீட்டில் மூடினால் பாட்டி வீட்டில் திறக்கும். நான் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் டீயோடு ஆளுக்கு ஒரு பழம்பொரி கொடுத்துவிடுகிறேன். கெஞ்சலும் இல்லை, ஒளித்துத் தின்பதும் இல்லை.

காய்கறியைத் துருவித் தோசை மாவில் ஒளிப்பது? தாராளமாகச் செய்யலாம், சத்து உள்ளே போகும். ஆனால் பிள்ளை பழகுவது தோசையோடுதான், கேரட்டோடு இல்லை.

இனி நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களில் எழுதிப் பரப்பியது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க லேசு, செய்வது கஷ்டம். இரண்டு வேளைக்கு நடுவே பிஸ்கட் டப்பா திறந்தால் எல்லாம் பாழ். தட்டில் பிள்ளை நிச்சயம் தின்கிற ஒன்றாவது இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மட்டை அரிசிக் கஞ்சியும் பச்சைப் பயறும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், "புள்ள வெறும் வயித்தோட படுக்குதே, உனக்கு எப்படிம்மா மனசு வருது?" என்று அத்தை கேட்கும்போது கல்லு மாதிரி இருப்பது. நான் இரண்டு முறை தோற்றிருக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு முட்டை தோசை சுட்டிருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை ஏறாமலே நின்றால், விழுங்கும்போது அடிக்கடி ஓங்கரித்தால், மொத்தமே மூன்று நான்கு பண்டம்தான் தொடுகிறது என்றால், டாக்டரிடம் காட்டுங்கள்.

அக்காவை மடக்க எனக்கு ஒரு கேள்வி போதுமாயிருந்தது. "இவன் ஸ்கூல்ல காலைச் சாப்பாடு சாப்பிடறானே, அங்க யாரு ஊட்டறாங்க?" தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அது, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை. ரவா கிச்சடியையும் காய்கறி சாம்பாரையும் வரிசையில் உட்கார்ந்து தானே தின்றுவிட்டு வருகிறான். வீட்டில் அதே கிச்சடிக்கு அரை மணி நேர ஓட்டம்.

எங்கள் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2025-ல் அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி கேட்ட வீடியோ கேரளம் முழுக்கச் சுற்றியது. பிள்ளை விருப்பத்தைச் சொன்னான், மெனுவைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சில மாதத்தில் சர்க்கரையும் உப்பும் குறைத்த புதிய பட்டியலில் முட்டை பிரியாணி வந்தது.

சரி, அவியல் என்ன ஆனது? இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அது அப்படியே இருந்தது. புதிய உணவை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவைகூட ஆகலாம் என்பதால் நான் கவலைப்படவில்லை. நான்காம் நாள் முருங்கைக்காய்த் துண்டை மட்டும் எடுத்துச் சப்பினான். சக்கையை இலை ஓரத்தில் கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கினான். மொத்தம் ஐந்து. சேனையைத் தொடவில்லை. யாரும் கைதட்டவில்லை, அக்காவை மேசைக்கடியில் காலால் இடித்து வைத்திருந்தேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். "முருங்கைக்காய் வேணும்னு கேட்டுத் திங்கறான்டி."

"பாத்தியா?"

"ஆனா நான் ஊட்டி விடணுமாம்."