நாலு வருட வாட்டர் ஃப்ளாஸர் பயன்பாடு: என் ஈறுக்கு எது உதவியது, எது உதவவில்லை

பல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாஸரை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் அடுத்ததாக "எந்த மாடல்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் ஈறில் பாக்கெட், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம், எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று டாக்டர் அளந்து சொன்னாரா என்பதைத்தான். அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. 2021 வரை எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நாலு வருடத்தில் இரண்டு ஃப்ளாஸர், ஐந்தாறு வகை பிரஷ் என்று பயன்படுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து வந்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது எனக்குப் பல வருடப் பழக்கம். பேஸ்ட்டை மாற்றினேன், அப்புறம் ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் தேய்த்தேன். இதில் இரண்டாவதுதான் பெரிய தப்பு, ஏனென்றால் ரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது, அதைத் தொடாமல் விட்டால் இன்னும் சேரும். அப்பாவுக்கு 55 வயதுக்குள் கடைவாய்ப் பற்கள் நாலு போய்விட்டன, அதனால் எங்கள் குடும்பத்துக்கே பல் இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்ற பயமும் கூடவே இருந்தது.

ஒருநாள் கீழ்வாய் இடப்பக்கம் ஈறு வீங்கி, மெல்ல முடியாமல் போனபோதுதான் ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்து, பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு, மூன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது கடைவாயில் ஐந்து, ஆறு என்று மாறியதும் எனக்கே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டர் வரை ஆரோக்கியம். நாலிலிருந்து கவனிக்க வேண்டும். ஐந்து, ஆறு என்றால் அந்தப் பள்ளத்தின் அடிவரைக்கும் வீட்டு பிரஷ் போகாது. எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஈறு வீக்கம் மட்டும் என்றால் சுத்தமாகச் சரியாகிவிடும், ஆனால் இறங்கிய எலும்பு தானாகத் திரும்பி வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். சர்க்கரை அளவும் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு ஆறாது, ஈறில் கிருமித்தொற்று இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். எனக்கு நல்ல வேளையாகச் சரியாகவே இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு நாளாகப் பிரித்து, ஈறுக்கு அடியில் வரைக்கும் சுத்தம் செய்யும் டீப் கிளீனிங் செய்தார்கள். பல்லில் படியும் மெல்லிய படலத்தைச் சில நாள் விட்டாலே எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுக ஆரம்பித்துவிடும், அதுதான் பற்காரை. அது கல்லானபின் எந்த பிரஷ்ஷாலும், எந்த ஃப்ளாஸராலும் எடுக்க முடியாது, கிளினிக்கில் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். காரையோடு இருப்பவர் ஃப்ளாஸர் வாங்கி அடித்துக்கொண்டிருந்தால் கல்லின் மேல் தண்ணீர் அடிப்பதுதான் நடக்கும். அதனால் மாடல் கேட்பவர்களிடம் முதலில் ஒருமுறை போய் அளந்து, கிளீனிங் முடித்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

கிளீனிங் முடிந்த வாரம் எனக்கே பயமாகத்தான் இருந்தது. பல் இடுக்கில் நாக்கை வைத்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது, இரண்டு பல் லேசாக அசைவது போலிருந்தது. வீட்டில் சொன்னது உண்மைதானோ என்று நினைத்து டாக்டரிடமே கேட்டேன். எலும்பு இறங்கி ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த பற்களைக் காரை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரிகிறது, வீங்கியிருந்த ஈறு சுருங்கியதும் மறைந்திருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். கூச்சம் ஒரு மாதத்தில் குறைந்தது, பல் அசைவும் நின்றது. இந்த விளக்கத்தை யாராவது இருபது வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சொல்லியிருந்தால் அவர் கிளீனிங்குக்குப் பயந்து ஓடியிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இனி ஃப்ளாஸருக்கு வருகிறேன். முதலில் வாங்கியது சார்ஜ் போடும் கையடக்க மாடல், 1,900 ரூபாய். தொட்டியில் 200 மில்லி பிடிக்கும், நான் அடிக்கும் வேகத்துக்கு முக்கால் நிமிடத்தில் காலி, ஒரு தடவைக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டும். முதல் நாளே அதிக வேகத்தில் வைத்து அடித்ததில் ஈறு இரண்டு நாள் வலித்தது. குறைந்த வேகத்தில் ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்துத்தான் ஏற்ற வேண்டும், வேகம் கூடினால் சுத்தம் கூடும் என்பதெல்லாம் இல்லை. இந்தக் கருவி 1962இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் ஒரு பல் மருத்துவரும் ஒரு நீரியல் பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியது. நீரை ஒரே ஓட்டமாக அடிக்காமல் விட்டு விட்டு, துடிப்பாக அடிப்பதுதான் அதன் அடிப்படை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஈறு கொஞ்சம் அமுங்கி விரிகிறது, அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் உணவுத் துகளும் கிருமியும் வெளியே வருகின்றன.

பயன்படுத்தும் முறைக்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வெதுவெதுப்பான தண்ணீர். வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து, முனையை வாய்க்குள் வைத்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். உதட்டை லேசாக மூடினால் தண்ணீர் முகத்தில் தெறிக்காமல் வாய் ஓரமாக வழியும். கடைசிப் பல்லிலிருந்து ஆரம்பித்து, ஈறு ஓரத்துக்கு நேராக முனையைப் பிடித்து, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு நொடி நிறுத்தி நகர வேண்டும். உள்பக்கமும் அதேபோல். முனையை ஈறுக்கு உள்ளே திணிக்கக் கூடாது.

மூன்று மாதத்தில் ரத்தம் நன்றாகக் குறைந்தது. சந்தோஷமாக டாக்டரிடம் போனேன். அவர் பல்லில், அழுக்குப் படலம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும் சாயம் ஒன்றைத் தடவிக் கொப்பளிக்கச் சொல்லிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முன்பக்கமெல்லாம் வெள்ளையாக இருந்தது, கடைவாய்ப் பல் இடுக்குகளில் மட்டும் சாயம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. தினமும் ஃப்ளாஸர் அடித்த இடங்கள்தான் அவை. "எண்ணெய்ப் பாத்திரத்தைக் குழாயடியில காட்டினா மட்டும் பிசுக்கு போயிடுமாங்க, தேய்க்கணும்ல?" என்றார். பல்லில் படிவது வெறும் அழுக்கு இல்லை, கிருமிகள் ஒன்றோடொன்று பசைபோல ஒட்டிக் கட்டிய படலம், தண்ணீர் அதைத் தளர்த்தும், கொஞ்சம் அடித்துச் செல்லும், முழுக்க உரிக்காது. நாலு வருடத்தில் நான் தெரிந்துகொண்டதிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அன்றைக்குத்தான் இடுக்கு பிரஷ் என் கைக்கு வந்தது. கம்பியைச் சுற்றிக் குட்டி முடி வைத்த, பார்க்கப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சின்னதாக்கியது போன்ற ஒன்று. இதில் அளவுதான் எல்லாம். நான் வாங்கும் டெப்பி என்ற கம்பெனியின் பிரஷ்ஷில் நிறத்தை வைத்து அளவு சொல்வார்கள்: இளஞ்சிவப்பு 0.4 மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8, இன்னும் பெரிதாகவும் உண்டு. எனக்குக் கடைவாயில் மஞ்சள், அதற்கு முன்னால் சிவப்பு, முன்பல்லில் எதுவுமே நுழையாது. சிறியதைப் போட்டால் தொளதொளவென்று போய்வரும், ஒன்றும் தேயாது. பெரியதைத் திணித்தால் ஈறு கிழியும். அதனால் முதல் தடவை டாக்டரையே ஒவ்வொரு இடத்திலும் விட்டுப் பார்த்து அளவு சொல்லச் சொல்லுங்கள், இதை மட்டும் நீங்களாக ஊகித்து வாங்காதீர்கள். பேஸ்ட் வேண்டாம், ஈரமாக்கி உள்ளே விட்டு இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். முதல் நாள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன், அந்த நாற்றம் என் வாயில் வருடக்கணக்காக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரு வாரத்தில் அந்த நாற்றம் போய்விட்டது. ஒரு பிரஷ் எனக்கு ஒரு வாரம், பத்து நாள் வரும், முடி சாய்ந்தாலோ கம்பி வளைந்தாலோ மாற்றிவிடுவேன்.

பிரஷ் நுழையாத நெருக்கமான முன்பற்களுக்கு, பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் நூல்தான் (ஃப்ளாஸ்). நூலைச் சடக்கென்று இறக்காமல் பல்லின் பக்கவாட்டை அணைத்தபடி மேலும் கீழும் தேய்க்க வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்துக்கு ஒற்றைக் கொத்து முடி வைத்த சின்ன பிரஷ் ஒன்று உண்டு, விலை குறைவு, யாரும் வாங்குவதில்லை, கட்டாயம் வாங்குங்கள். எலக்ட்ரிக் பிரஷ் நல்லதுதான், அழுத்தித் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அழுத்தம் கூடினால் விளக்கு எரியும் வகை உதவும். சாதாரண மெல்லிய முடி பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 பாகை சாய்த்துத் தேய்க்கத் தெரிந்தால் அதுவும் போதும்.

கையடக்க மாடலின் பேட்டரி 14 மாதத்தில் படுத்துவிட்டது. மாற்றித் தர முடியாது என்றார்கள். அதன்பிறகு மேசையில் வைக்கும் பெரிய மாடல் வாங்கினேன், மூன்று வருடமாக ஓடுகிறது. 600 மில்லி தொட்டி, ஒரே நிரப்பில் வாய் முழுவதும் முடிந்துவிடும், வேகத்தைப் பத்து நிலைகளில் மாற்றலாம், நான் ஐந்துக்கு மேல் போவதில்லை. சத்தம் உண்டு, காலை ஐந்தரைக்கு ஓட்டினால் பக்கத்து அறையில் தூங்குபவர்கள் எழுந்துவிடுவார்கள். வாஷ்பேசின் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகி என் அண்ணி வீட்டில் ஒரு மெஷின் ஒரே நொடியில் புகைந்துபோனது.

தண்ணீர் விஷயம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இருந்தவரை முனையில் ஒரு பிரச்சினையும் இல்லை. சென்னைக்கு வந்து போர்வெல் தண்ணீர் ஊற்றியதும் இரண்டே மாதத்தில் வெள்ளையாக உப்புப் படிந்து பீய்ச்சல் கோணலாகிவிட்டது. இப்போது குடிக்கும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஓட்டி, முனையையும் அதில் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவேன். தொட்டியில் மீந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திறந்து காயவிட வேண்டும், விட்டால் வழுவழுவென்று பாசி மாதிரி பிடிக்கும்.

இதையெல்லாம் படித்து ஃப்ளாஸரே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம். அப்பாவுக்கு, போன பற்களுக்காக பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்து நிற்கும் செயற்கைப் பல், கட்டியிருக்கிறது. அதன் அடியில் நூலைக் கோத்து எடுப்பதற்கு அவர் கை ஒத்துழைக்காது, ஃப்ளாஸர் அந்த இடத்தை நன்றாகக் கழுவுகிறது. பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கும் அப்படியே. அப்பாவின் ஈறு ஒரு சமயம் புடைத்துக்கொண்டே வந்தது, கடைசியில் ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிட்ட அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும் என்று தெரிந்து, இதய டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், கேளுங்கள். இதய வால்வு மாற்றியவர்கள் ஃப்ளாஸர் தொடங்கும் முன்பும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கிளீனிங்குக்குப் பிறகு இரண்டு வாரம் கொடுத்தார்கள், உதவியது. நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசியும் மாறும், அதனால் அதைத் தினசரி வழக்கமாக்காதீர்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பது வாய்க்கு இதமாக இருக்கிறது, நானும் செய்கிறேன், காரையை அது எடுக்காது. உமிக்கரி வேண்டவே வேண்டாம், அது பல்லையும் ஈறையும் அராவும். புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தும் ரத்தம் வராது, ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பணம் குறைவாக இருந்தால் என் வரிசை இதுதான்: முதலில் அளவும் கிளீனிங்கும், அடுத்து சரியான அளவில் இடுக்கு பிரஷ், மீதி இருந்தால் ஃப்ளாஸர். நான் தினமும் இரவில் இடுக்கு பிரஷ், ஃப்ளாஸர், கடைசியாகப் பேஸ்ட் என்று செய்கிறேன். எட்டு நிமிடம் ஆகும். வெளியூர் போனால் ஃப்ளாஸரை வீட்டிலேயே விட்டுவிடுவேன், இடுக்கு பிரஷ் மட்டும் பையில் வரும்.

இப்போதைய அளவு: ஆறாக இருந்தவை நாலு, ஐந்தாக இருந்தவை மூன்று. தொட்டால் ரத்தம் வரும் இடங்கள் போன தடவை இரண்டுதான். கீழ்வாய் இடது கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் இன்னும் ஐந்திலேயே நிற்கிறது, அதன் இரண்டு வேர்களும் பிரியும் இடத்தில் பள்ளம் இருப்பதால் எந்தக் கருவியும் முழுக்கப் போகாதாம். அந்த ஒரு பல்லுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன், ஈறைத் திறந்து செய்யும் சிகிச்சை தேவையா என்று அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.