மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு மொடல் ஜெட்: வேனா, ரயிலா, லொறியா, பஸ்ஸா?

இங்கே பேசப்படுவது ரேடியோவால் இயக்கிப் பறக்கவிடும் மொடல் விமானம், 2 மீற்றர் வகை டேர்பைன் ஜெட். உடல் 2.2 மீற்றர், இறக்கை முனைக்கு முனை 1.8 மீற்றர், எரிபொருள் இல்லாமல் 12 அல்லது 13 கிலோ, உள்ளே 100 நியூட்டன் உந்துவிசை தரும் சிறு டேர்பைன் எஞ்சின். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள ஒருவர் இதைக் கொழும்பில் உள்ள சக ஆர்வலரிடம் சேர்ப்பிக்க ஐந்தாறு வழிகள் உண்டு. பலரும் முதலில் கூலியைத்தான் விசாரிப்பார்கள். கேட்க வேண்டிய முதற் கேள்வி, சாமான் எத்தனை கை மாறும் என்பது. வீதியில் ஓடும் ஏழெட்டு மணித்தியாலத்தைவிட ஏற்றி இறக்கும் பத்து நிமிடமே இந்த ஜெட்டுக்கு ஆபத்தானது.

காரணம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. கண்ணாடி நார் ஓடு காற்றின் அழுத்தத்தை மேற்பரப்பு முழுவதும் பரவலாகத் தாங்கும். ஒரே இடத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்தினால், அதுவும் காற்று உள்வாயின் ஓரத்தில் அழுத்தினால், மயிரிழை வெடிப்பு விழும். இறக்கையின் பின்விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். அந்த விளிம்பில் அசையும் எயிலரோன் மடலை யாராவது கையால் தள்ளிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அதை அசைக்கும் சேர்வோ என்ற சிறு மோட்டாரின் பல்லுச் சில்லு உடைந்திருக்கும். வானத்தில்தான் அது தெரியவரும்.

ஆகவே எந்த வாகனமானாலும் கழற்றும் வேலை ஒன்றுதான். இறக்கை இரண்டையும், வாலில் கிடையாக நிற்கும் சிறு இறக்கையான கிடைவாலையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு, முன்விளிம்பு கீழே வரும்படி நிறுத்துங்கள். இறக்கைகளை உடலோடு இணைக்கும் இறக்கைக் குழாயை உடலுக்குள் விட்டுவைத்தால் முதலாவது பிரேக்கில் அது வழுக்கி, உடலின் உள்ளே குறுக்காக நிற்கும் ஏதாவது ஒரு தடுப்புப் பலகையைக் குத்தும். அதை வெளியே எடுத்துத் துணியில் சுற்றுங்கள். ஆணி, திருகு எல்லாம் ஒரே பையில், பெயரெழுதி. அசையும் பாகங்களை இரு பக்கமும் ஸ்பொஞ்ச் ஒட்டிய மெல்லிய பலகைத் துண்டால் கவ்விப் பூட்டவேண்டும்.

எரிபொருள் தாங்கியையும் அதன் முன்னால் உள்ள சிறு தாங்கியையும் முழுவதும் வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் 5 வீதம் எண்ணெய் கலந்த அந்தக் கலவை மிஞ்சியிருந்தால் குழாய்வழி பின்னோக்கி ஊறி மின்னிணைப்புகளை நனைக்கும். எரிபொருளை எந்த வழியிலும் அனுப்பவேண்டாம். ரயிலிலும் பஸ்ஸிலும் எரியக்கூடிய பொருளுக்கு இடமில்லை, கொழும்பில் வாங்கிக் கலந்துகொள்ளலாம். லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, முனைகளுக்கு ரேப் ஒட்டி, தீப்பிடிக்காத பையில் ஆளோடு கொண்டுபோகவேண்டும். பூட்டிய பெட்டிக்குள் அவை போகவே கூடாது.

டேர்பைனின் முன்வாய், பின்வாய் இரண்டையும் மூடியே தீரவேண்டும். திறந்த வண்டியில் போகும்போது காற்று உள்ளே புகுந்து சுழலியைச் சுற்றவைக்கும். அதன் பெயாரிங்குக்கு மசகு எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருள் வராமல் மணிக்கணக்கில் சுற்றினால் பெயாரிங் வரண்டு தேயும். மூடுவதற்கு ரிஜிபோம் மட்டும் வேண்டாம். அதன் மணிகள் உதிர்ந்து உள்ளே போனால் பொறுக்கியெடுப்பது பெரும்பாடு, பெற்றோலிய வகை பட்டால் இளகி ஒட்டவும் செய்யும். தடித்த துணி உறையோ பொருத்தமான பிளாஸ்டிக் மூடியோ போதும்.

உடலை அதன் சொந்தச் சில்லுகளில் நிறுத்திக் கட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. ஒவ்வொரு குழியின் அதிர்வும் சில்லுக் கால்களைப் பிடித்திருக்கும் மரத்தட்டில் விழுந்து, இரவு முடியும்போது தட்டு தளர்ந்திருக்கும். கால்களை மடக்கி வைப்பதும் சரியல்ல. காற்றழுத்தத்தில் இயங்கும் வகையில் வழியில் அழுத்தம் கசிந்தால் கால் பாதியில் தொங்கிக் கதவை நெரிக்கும். கால்கள் நீட்டியபடியே, நிலத்தில் படாமல் தொங்கட்டும். உடலின் பாரத்தை, அதைக் கீழிருந்து ஏந்தும் இரண்டு தொட்டில்கள் தாங்கவேண்டும். ஒன்று இறக்கைக் குழாய் ஊடுருவும் தடுப்புக்கு நேர் கீழே, மற்றது வால்பக்கத் தடுப்புக்குக் கீழே. உள்ளே தடுப்புப் பலகை இல்லாத இடத்தில் தொட்டில் வைத்தால் ஓடு உள்வாங்கும். இறக்கைக் குழாய்த் துளையின் ஊடாக அதே விட்டமுள்ள ஒரு பிவிசி குழாயைச் செருகி, இரு முனையையும் அகலமான நாடாவால் தொட்டிலோடு கட்டினால் உடல் அசையாது. ஜெட்டின் மிகப் பலமான இடம் அதுதான்.

இனி வழிகள்.

வேன். பின்சீற்றுகளை மடக்கிய ஹையேஸ் வகை வேனில் 2.2 மீற்றர் உடல் பெட்டியே இல்லாமல் தொட்டிலோடு போகும். முன்கூட்டி அளக்கவேண்டியது பின்கதவிலிருந்து முன்சீற்றின் முதுகு வரை. உடல் நீளத்தைவிட 30 சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கவேண்டும். மூக்கை முன்பக்கம் வையுங்கள், பின்குழாயும் வாலும் கதவுப்பக்கம் வந்தால் இறக்குபவர் பிடிக்குமிடம் கண்ணுக்குத் தெரியும். கை மாறுவது இரண்டே தடவை, வீட்டில் ஒன்று, அங்கே ஒன்று. இரண்டிலும் ஜெட்டைத் தெரிந்தவர்களே நிற்பார்கள்.

குறை கூலியில்தான். ஹயர் போகும் வேன் வெறுமையாகத் திரும்புவதற்கும் சேர்த்து இரு வழிக்கும் கிலோமீற்றர் கணக்குப் போடுவார்கள். ஆனால் கிழக்கில் இதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவரை ஏற்றிவரக் கட்டுநாயக்கவுக்குப் போகும் வேன்கள், போகும் வழியில் பெரும்பாலும் வெறுமையாகவே போகின்றன. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று எங்கு விசாரித்தாலும் அப்படியான ஒரு ஹயர் அகப்படும். பாதிக் கூலிக்கும் குறைவாகப் பேசலாம். பெறுபவர் விமான நிலையப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும். நிபந்தனை ஒன்று மட்டும்: சாரதியோடு நம் ஆள் ஒருவர் கூடப் போகவேண்டும். வரவேற்கப் போகும் குடும்பமும் ஏறுகிறது என்றால் அந்த ஹயரை விட்டுவிடுங்கள். பயணப்பை ஒன்று சரிந்தால் இறக்கை போய்விடும். எங்கள் கணக்கில் எல்லா வழியிலும் இதுவே முதலிடம்.

பாதி வழியில் சந்திப்பு. இரு பக்கமும் வாகனம் உள்ளவர்களுக்கு இது நல்லது. வாழைச்சேனை, வெலிகந்தை, மனம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை வழியாகப் போனால் தம்புள்ளை ஏறக்குறைய நடுவில் வரும். கை மாறுவது ஒரு தடவை அதிகரிக்கும், ஆனால் செலவு பாதி பாதி. மாற்றும் இடம் நிழலாக, காற்று அடிக்காத மதிலோரமாக இருக்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியான இடத்தில் இறக்கையைக் கையில் எடுத்தால் அது பாய்மரம் மாதிரி இழுக்கும். இரு வாகனத்துக்கும் ஒரே தொட்டில் பொருந்துமா என்று முதலே அளந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

ரயில். மட்டக்களப்பு நிலையம் பாதையின் கடைசி. வண்டி புறப்படுமுன் நின்றுகொண்டிருக்கும், அவசரமில்லாமல் ஏற்றலாம். கொழும்புக்கு அனுப்பினால் மறுமுனையிலும் இறக்க நேரம் கிடைக்கும். தண்டவாளத்தில் குழியில்லை, வளைவும் மெதுவாகத்தான் வரும். ஆட்டத்தை மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் மென்மையான பயணம் இதுவே. கல்லோயாவுக்கும் புணாணைக்கும் இடையிலான காட்டில் யானை குறுக்கிட்டால் வண்டி தாமதமாகும், பெரும்பாலும் அதனால் பெட்டிக்குக் கேடில்லை.

கேடு பார்சல் அறையில் இருக்கிறது. அங்கே ஆட்கள் ஜெட்டைத் தூக்குவதில்லை, ஒரு பெட்டியைத் தூக்குகிறார்கள். மேலே மற்றச் சாமான் ஏறும். ஆகவே ரயிலுக்கு மரப்பெட்டி கட்டாயம். 2.3 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் என்று 9 மில்லிமீற்றர் பிளைவூட்டில் அடித்தால் பெட்டி மட்டும் 40 கிலோவை எட்டும். 6 மில்லிமீற்றரில் அடித்து, 2 அங்குலத்துக்கு 1 அங்குலச் சட்டத்தை மூலைகளிலும் நடுவிலும் கொடுத்தால் 30 கிலோவில் நிறுத்தலாம், பலத்துக்கும் குறைவில்லை. அடியில் இரண்டு சட்டம் சறுக்குக்கட்டையாக, பக்கத்துக்கு இரண்டு கயிற்றுக் கைபிடி. உள்ளே எந்தப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். மூடியை ஆணி அடித்து மூடாதீர்கள், சிறகுச் சுரையால் பூட்டுங்கள். சோதிக்கக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் திறந்து காட்டலாம், கோடரியோ அலவாங்கோ பெட்டிக்குக் கிட்ட வராது. பெட்டியை நட்டமாக நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. மேல்மூடியைக் கூரைபோல இரு பக்கம் சரிவாக அடித்தால் அதன்மேல் சாமான் நிற்காது, ஆனால் நட்டமாக நிறுத்துவதை அது தடுக்காது. இரு முனைப் பலகையிலும் கூம்பு மாதிரி ஒரு கட்டை அடித்தால்தான் நிறுத்த முடியாமல் போகும். அம்புக்குறியும் எழுத்தும் போடத்தான் வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும், ஆனால் அவற்றை நம்பிப் பெட்டி செய்யக்கூடாது.

ரயிலில் பார்சல் ஏறும் கார்ட் பெட்டியின் கதவளவை நிலையத்திலேயே போய்க் கேட்டபின் பலகை வெட்டுங்கள். பெறுபவர் நடுவழி நிலையம் ஒன்றில் இருந்தால் ரயிலை மறந்துவிடலாம். வண்டி நிற்கும் சில நிமிடத்தில் 45 கிலோப் பெட்டி இழுபட்டுத்தான் இறங்கும். அம்பாறையிலிருந்து அனுப்புபவருக்கு ரயில் மட்டக்களப்பில்தான், ஆகவே ஒரு ஏற்றி இறக்கல் கூடும். அந்தச் செலவோடு வேன்கூலி பேசினால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

பட்டா லொறி. மலிவு என்று இதைத்தான் அதிகம் தெரிவார்கள். தட்டின் நீளம் 2 மீற்றரைச் சற்றே தாண்டும், 2.2 மீற்றர் உடல் மூலைவிட்டமாகத்தான் கிடக்கும். நீளத்தைவிடப் பெரிய சிக்கல் வில்லுத்தகட்டில் உள்ளது. பாரம் ஏற்றுவதற்கென்று செய்த தகடு, 20 கிலோவுக்கு இளகாது. வெறும் லொறி துள்ளுவதுபோலவே துள்ளும். அரை லொறி நெல்லோ உப்போ ஏற்றிப் போகும்போது கூட ஏறினால் பயணம் எவ்வளவோ மென்மையாக இருக்கும். அப்படிப் பாரம் இல்லையென்றால் ஐந்தாறு மணல்மூட்டையைப் பின்அச்சுக்கு மேலே போட்டு, அதன்மேல் தடித்த ஸ்பொஞ்ச் மெத்தை விரித்துத் தொட்டிலை வையுங்கள். தார்ப்பாய் இறுகக் கட்டவேண்டும். தளர்ந்த தார்ப்பாய் காற்றில் படபடத்து மணிக்கணக்கில் வாலைத் தட்டும்.

பார்சல் லொறிச் சேவை. இடையில் களஞ்சியத்தில் இறக்கி வேறு லொறியில் ஏற்றுவார்கள். ஆகக் குறைந்தது நான்கு கை மாறும், ஒவ்வொன்றும் நம் கண்ணுக்கு மறைவாக. சேர்வோ, வெறும் தாங்கி, உதிரிப்பாகம் அனுப்பச் சரி. ஜெட்டுக்கு வேண்டாம்.

இரவு பஸ். கீழ்ப்பெட்டியில் உடல் நுழையாது. இறக்கையை மட்டும் பஸ்ஸில் விட்டு உடலை வேறொரு வழியில் அனுப்பும் யோசனை வரும். ஒன்று தாமதித்தாலும் மற்றது பயனற்றுக் கிடக்கும், இறக்கை உறைமேல் மரக்கறி மூட்டை ஏறுவதும் நிச்சயம்.

கண்டிக்கு என்றால் கணக்கு மாறும். செங்கலடியிலிருந்து மகா ஓயா, மகியங்கனை வழியாகப் போகும் பாதை கிட்டத்தில் தெரியும், ஆனால் மகியங்கனை தாண்டி மலையேறும் கொண்டையூசி வளைவுகளில் உடல் பக்கவாட்டில் உந்தப்படும். நேர்ப்பாதைக்கு முன்பின் கட்டு போதும், இங்கே குறுக்குக் கட்டும் தொட்டிலின் பக்கத் தடுப்பும் வேண்டும். கிடைவாலைக் கழற்றாமல் இந்த வழியில் போகக்கூடாது. தொட்டில் அவ்வளவு உறுதியில்லை என்றால் தம்புள்ளை வந்து மாத்தளை வழியாகப் போவது தூரமானாலும் நல்லது.

வெயிலை மறக்கவேண்டாம். பகலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் சூடு ஏறி, சாதாரண வெப்பத்தில் இறுகிய பிசின் இளகத் தொடங்கும். அந்த நேரம் கட்டிய நாடாவின் அழுத்தம் ஓட்டில் நிரந்தரமாகப் பதியும், சூட்டில் ஒட்டிய மெல்லுறை சுருங்கிக் கொப்புளிக்கும். மாலை புறப்பட்டு விடியமுன் சேர்வதே முறை, சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும் நிழலில் நிறுத்துங்கள். இரவென்றால் ஹபரணைக்கு முன்பின்னும் வெலிகந்தைப் பக்கமும் யானை ஏறும் வீதி, சாரதிக்குத் திடீர் பிரேக் போடவேண்டிவரும். முன்கட்டு இதற்காகவே இரட்டையாக இருக்கட்டும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மழைக் கடுமையில் மனம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதிக்கு வருவதுண்டு, அந்த மாதங்களில் அவசரமில்லையென்றால் அனுப்பாமல் விடுங்கள்.

சோதனைச்சாவடியில் நிறுத்தினால், நீண்ட குழாயும் டேர்பைனும் கண்டு கேள்வி எழுவது இயல்பே. கொள்வனவுப் பற்றுச்சீட்டு, கைவசமுள்ள சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஆவணங்களின் பிரதி, முழுதாகப் பொருத்திய நிலையில் ஜெட்டின் படம், பெறுபவரின் பெயருடன் ஒரு கடிதம் ஆகியவை சாரதியின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பெறுபவர் கையெழுத்து வைக்குமுன் ரோர்ச் அடித்துப் பார்க்கவேண்டிய இடங்கள்: காற்று உள்வாயின் உதடு, தொட்டில் பட்ட இரு இடமும், சில்லுக்கால் பிடித்திருக்கும் தட்டு, கிடைவால் சுழலும் அச்சு. டேர்பைன் மூடியைக் கழற்றி விரலால் மெதுவாகச் சுற்றினால் சத்தமில்லாமல் ஓடி நிற்கவேண்டும். காற்றுப் பம்பியால் ஊதிச் சுற்றக்கூடாது. காற்றழுத்தத் தாங்கியை நிரப்பி அரைமணி நேரம் மானியைப் பாருங்கள். பிறகு சேர்வோ ஒவ்வொன்றையும் கையால் இலேசாகப் பிடித்துக்கொண்டு ரேடியோவால் அசைத்துப் பாருங்கள். எங்காவது ஒரு பல் தாண்டினால் விரலுக்குத் தட்டுப்படும். பற்றரியை ஏற்றி ஈர்ப்புமையத்தை மறுபடி அளந்து, ரேடியோ வீச்சுச் சோதனையும் முடித்த பின்தான் தாங்கியில் எரிபொருள்.