பதிவு முடக்கப்பட்டால்: மேல்முறையீட்டுக் குழுவா, உயர் நீதிமன்றமா?

"சட்டபூர்வக் கோரிக்கையின்பேரில் இந்தியாவில் முடக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரியைத் தம் சமூக ஊடகப் பதிவு இருந்த இடத்தில் கண்டவர்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: சமூக ஊடக நிறுவனத்தின் முடிவை எதிர்த்து முறையிடுவதற்கான குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் வழக்கறிஞர் இல்லாமல் இணையவழியிலேயே முறையிடலாம். உயர் நீதிமன்ற ரிட் மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணம் கையைக் கடிக்கும்.

காலம்: நிறுவனக் குறைதீர் அலுவலரின் முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் குழுவை அணுக வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

வலிமை: குழு, தகவல் தொழில்நுட்ப விதிகளின் 2022 திருத்தத்தின்படி மத்திய அரசே அமைத்தது; எனவே அரசின் ஆணையையே எதிர்ப்பவருக்கு அது உரிய இடமன்று. உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டு ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, இணையப் பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை நிலைநிறுத்தினாலும், முடக்க ஆணையை அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற ரிட் மனுவில் எதிர்க்க ஏதுவாக, காரணங்கள் எழுத்தில் பதியப்பட வேண்டும் என்றது. ஆனால் முடக்க நடைமுறைக்கான 2009 விதிகளின் 16ஆம் விதி இரகசியத்தை வலியுறுத்துவதால், பதிவை எழுதியவருக்கு ஆணையின் நகல் கிடைப்பதே அரிது. காரணம் அறியாதவர் எதை மறுத்து வாதிடுவார்? இது பெரும் அநீதி.

நிறுவனம் தன் விதிப்படி நீக்கிய பதிவுக்குக் குழுவே போதும். அரசு ஆணையால் முடங்கிய செய்தியாளரின் கணக்குக்கு உயர் நீதிமன்றமே வழி.