ஒஸ்ரின் கேம்பிரிஜ்: எஞ்சினை விடுங்கள், தகரத்தைப் பாருங்கள்

பழைய ஒஸ்ரின் வைத்திருக்கிறேன் என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் வரும் கேள்வி, "சாமானுக்கு என்ன செய்யிறியள்?" என்பதுதான். கொம்பனியே இல்லாத கார், எஞ்சின் படுத்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்தக் காரில் எனக்கு மிகக் குறைந்த தொல்லை தந்தது எஞ்சின்தான். காசைத் தின்றவை தகரமும் றப்பரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும். அண்மைக்காலமாகப் பழைய கார் தேடித் திரியும் பெடியள் கூடிவிட்டார்கள். முற்பணம் கொடுக்க முதல் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள்.

என்னிடம் இருப்பது ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிஜ், இரண்டாம் மாதிரி. 1959 முதல் 1961 வரை செய்யப்பட்ட வண்டி. இத்தாலியின் பினின்ஃபரீனா வடிவமைத்த உடம்பு. பின்பக்கம் இரண்டு செட்டைகள் எழும்பி நிற்கும். இதே உடம்புக்கு முகத்தையும் சோடனையையும் மாற்றி மொறிஸ் ஒக்ஸ்போட், வூல்ஸ்லி, றைலி, எம்ஜி என்ற பெயர்களிலும் விற்றார்கள். தெருவில் யாராவது "ஒக்ஸ்போட்தானே அண்ணை?" என்றால் நான் திருத்தப் போவதில்லை. கதவு தேவைப்பட்டால் ஒக்ஸ்போட் வைத்திருப்பவரிடம்தான் நானும் போய் நிற்க வேண்டும்.

ஹேர்பேட் ஒஸ்ரின் 1905 இல் லோங்பிரிஜ்ஜில் தொடங்கிய கொம்பனி இது. 1952 இல் மொறிஸுடன் சேர்ந்து பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டோர் கோர்ப்பரேஷன்) ஆனது, 1968 இல் பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போனது, எண்பதுகளின் கடைசியில் ஒஸ்ரின் என்ற பெயரையே கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். முறைப்பாடு எழுதக்கூட ஓர் ஆள் இல்லை.

அப்பா இதை வாங்கியது ஹயர் ஓடிக்கொண்டிருந்த ஒருவரிடம். இலக்கத்தகட்டில் ஸ்ரீ. 1957 இல் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு வந்தபோது அதற்குத் தார் பூசி, தமிழில் ஸ்ரீ எழுதி ஓட்டி வழக்குக்குப் போனவர்களின் ஊர் இது. எங்கள் கார் அந்த அமளி அடங்கிய பிறகு வந்தது. ஆனாலும் வயதான யாராவது ஏறினால் தகட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கதையைத் தொடங்காமல் விடமாட்டார்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். 1489 சிசி, பிஎம்சியின் பி-சீரிஸ். இந்தியாவின் அம்பாசிடர் காரில் பல தசாப்தங்கள் ஓடியதும் இதே எஞ்சின்தான். ஹிந்துஸ்தான் மோட்டோர்ஸ் உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசிடர் செய்தது. இங்கிலாந்தில் கொம்பனி மறைந்த பிறகும் பிஸ்ரன் றிங், வால்வு, ஹெட் காஸ்கற், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் அகப்படுவது அதனால்தான். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, போகிற சொந்தக்காரரிடம் ஒரு காஸ்கற் செற்றுக்குச் சொல்லிவிடுவது பட்டுச்சேலைக்குச் சொல்லிவிடுவதைவிட லேசு. நிறம் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் அம்பாசிடர் சாமான் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பொருந்தாது. பழையதைக் கழற்றி, துடைத்து, கையில் கொடுத்தே அனுப்புங்கள். படத்தைப் பார்த்துக் கடைக்காரர் தருவது பெரும்பாலும் பின்னாளில் வந்த மாதிரிக்குரியது. கொழும்பில் என்றால் பஞ்சிகாவத்தை. புஷ், பின் போன்றவற்றை யாழ்ப்பாணத்திலேயே லேத்தில் கடைந்துவிடுவார்கள்.

இந்த எஞ்சின் லேசில் சாகாது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சான்று தேடத் தேவையில்லை. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, எங்களுடையதும்தான். பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தல் கட்டியிருக்கும், அதற்குள் கொஞ்சம் பெற்றோல். முதலில் அதைக் காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணுவார் அப்பா. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் போத்தலை மூடி மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்று அடுத்த நாள் வண்டி அசையாது. வெள்ளைப் புகையும் அந்த மணமும் உடுப்பிலேயே ஊறிக் கிடக்கும்.

மண்ணெண்ணெயில் ஓட எப்படி முடிந்தது என்றால், இவை அமுக்கம் குறைந்த எஞ்சின்கள். சூடான புகைபோக்கிக் குழாய்க்கு ஒட்டினாற்போலவே காற்று உள்ளே போகும் குழாயும் இருக்கும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஓரளவு ஆவியாகிப் போகும். காபரேற்றர் எஸ்யூ வகை, அடியில் இருக்கிற நட்டைத் திருப்பி எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டும் என்பதால் தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த விட்டார்கள். கம்பியூட்டர் வைத்த இன்றைய காரில் இவ்வளவு துணிச்சல் செல்லாது. ஆனால் சும்மா ஓடவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அந்த நாளில் ஒயிலுக்கும் தட்டுப்பாடு. பிறகு 2002 இல் கண்டி-யாழ்ப்பாண ஏ9 பாதை திறந்து சாமான் வரத் தொடங்கியதும் ஹெட்டைக் கழற்றினோம். உள்ளே கரி தடித்துப்போய்க் கிடந்தது, றிங் எல்லாம் தேய்ந்திருந்தது. ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் நிறுத்தப்பட்டதும் அந்த ஆண்டுதான். ஆகவே அதே கையோடு வால்வு உட்காரும் இடத்துக்கு உரமான வளையம் போட்டாயிற்று. அதற்குப் பிறகு எஞ்சின் ஹெட்டை யாரும் தொடவில்லை.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றபோது, "உங்களுக்கென்ன, மண்ணெண்ணெயில ஓடலாமே" என்று பலர் பகிடி விட்டார்கள். மண்ணெண்ணெயும்தான் இல்லையே. கடலுக்குப் போகிறவர்களும் தோட்டத்துக்கு இறைக்கிறவர்களும் கலனோடு நின்றார்கள். அந்த ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் கார் ஒரு லீற்றருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீற்றர் போகும். யாழ்ப்பாணத்துக்குள் ஓடுகிறவனுக்கு அது போதும்.

இனித் தண்ணீர். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைப் படிவுதான் றேடியேற்றருக்குள்ளும் எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளிலும் படிகிறது. வெயிலில் ஆனையிறவு தாண்டும்போது சூடு காட்டும் ஊசி மெல்ல மெல்ல மேலே ஏறினால் பம்பைக் குறை சொல்லாதீர்கள், முதலில் றேடியேற்றரைக் கழற்றிப் பாருங்கள். நான் மாரியில் ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரைக் கலனில் பிடித்து வைத்து, துருத் தடுப்புத் திரவம் கலந்து அதை மட்டும்தான் ஊற்றுகிறேன். வழியில் எந்தக் கிணற்றடியிலும் நிறுத்தி நிரப்புவதில்லை. பின்பெட்டியில் ஒரு கலன் எப்போதும் இருக்கும்.

பிறேக் நான்கு சில்லுக்கும் ட்ரம், ஒற்றைக் குழாய் வழி. எங்காவது ஒரு றப்பர் கிழிந்தால் நான்கும் ஒரேயடியாகப் போய்விடும், மிஞ்சுவது கைப்பிறேக். ஆகவே சில்லுச் சிலிண்டர் றப்பரும் ஹோஸ்களும் பழுதாகும்வரை நான் காத்திருப்பதில்லை. நல்லதாகத் தெரிந்தாலும் காலம் பார்த்து மாற்றிவிடுவேன். கராஜில் கழற்றிய றப்பரை மண்ணெண்ணெய்ச் சட்டிக்குள் போட்டுக் கழுவுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள், றப்பர் ஊதிவிடும். பிறேக் திரவத்தாலேயே கழுவ வேண்டும். கதவு றப்பர், கண்ணாடி றப்பர் இரண்டும் இன்னும் பெரிய பாடு. முன் கண்ணாடிக்குரிய சரியான றப்பர் கிடைக்காமல் வேறு வண்டியினதை வெட்டி ஒட்டித்தான் ஓடுகிறேன். மழைக்கு இடப்பக்க மூலையில் கொஞ்சம் ஒழுகும். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு ஒரு துவாய்.

தகரத்தைத்தான் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் அதுதான் பெரிது. இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. உடம்பேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிற பெட்டித் தகரம் உக்கினால் கார் நடுவில் தொய்யும். கதவு பூட்டாமல் இழுபடுவது அதன் முதல் அறிகுறி. நாலு பக்கமும் உப்புக்காற்று. பண்ணைப் பாலத்தாலோ காரைநகர்ப் பக்கமோ போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுகிறேன்.

எங்கள் வண்டியை அப்பா காலத்திலிருந்து பார்க்கிற மெக்கானிக் அண்ணைக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. ஒருமுறை எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று கொண்டுபோனேன். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. "தம்பி, எஞ்சினை விடும், அது கிடக்கும். இஞ்சை குனிஞ்சு பாரும்" என்றார். கதவுக்குக் கீழே பெயின்ற் நல்ல பளபளப்பாகத்தான் இருந்தது. ஸ்குறூ டிறைவரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் பின்சில்லுக்குக் கிட்டப் போனதும் சப்பென்று அடங்கியது. டிறைவரைத் திருப்பி முனையால் அழுத்தினார். பெயின்ற் உடைந்து, ஓட்டையை மறைக்க விரல் மொத்தத்துக்கு பூசியிருந்த பட்டி கட்டியாக விழுந்தது. அதற்குப் பின்னால் தகரமே இல்லை, மடித்துச் செருகிய பத்திரிகைத் தாள். முந்திப் பெயின்ற் அடித்தவர்களின் கைவண்ணம். தாளை எடுத்துத் தேதி பார்க்கலாம் என்று நினைத்தேன், கையில் பொடியாய்ப் போய்விட்டது.

இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புதுத் தகரம் மடித்து வெல்டிங் செய்தோம். அந்தச் செலவு எஞ்சின் ஓவரோல் செலவைவிடக் கூட. வேலை முடிந்தபோது சத்தம் மாறியதற்கும் காரணம் தெரிந்தது: புகைபோக்கியைத் தாங்குகிற கொக்கி உக்கிய தகரத்தோடு சேர்ந்து இறங்கியிருந்தது.

மின்சாரம் பற்றி ஒன்றே ஒன்று. இந்தக் கார்கள் பற்றறியின் பிளஸ் பக்கத்தைத்தான் உடம்போடு இணைத்து வந்தவை. தெரியாத பெடியன் றேடியோவோ போன் சார்ஜரோ வழக்கம்போலப் பூட்டினால் அந்த இடத்திலேயே புகையும். நான் பழைய டைனமோவைக் கழற்றி ஜப்பான் ஒல்டநேற்றர் ஒன்று பூட்டி, எல்லாவற்றையும் மைனஸுக்கு மாற்றிவிட்டேன். மூலவண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை இரவில் வைப்பரும் லைற்றும் ஒன்றாகப் போட்டு நல்லூரிலிருந்து சாவகச்சேரி வரை ஒருக்கால் அவர்கள் டைனமோவோடு ஓடிப் பார்க்கட்டும்.

ஓட்டம்? கியர் ஸ்ரியறிங்கில். முதல் கியருக்குச் சிங்க்ரோ (பற்களைச் சத்தமில்லாமல் இசைய வைக்கிற அமைப்பு) இல்லை, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். மணிக்கு அறுபது கிலோமீற்றரில் போனால் எல்லோருக்கும் நிம்மதி. பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் வேட்டி கசங்காமல் இருக்கலாம், பின்பெட்டியில் கல்யாண வீட்டுச் சாமான் முழுவதும் போகும். ஏசி இல்லை, முன் கண்ணாடிக்குப் பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேரே நெஞ்சுக்கு வரும். இப்போது பொம்பிளை மாப்பிள்ளை ஏற்றக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன், ஓட்டுவது நான்தான். பூ ஒட்டுகிறவர்களிடம் டேப்பைப் பெயின்ற்றில் ஒட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே நாக்கு வறளும்.

விற்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு சின்ன ஜப்பான் காரின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. இதை விற்கிற காசுக்கு அதில் பாதிகூட வராது. பாசத்தைக் கணக்கில் சேர்க்காமலே கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டு போங்கள். கதவுக்குக் கீழேயும் பின்சில்லு வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. காற்பாயைத் தூக்கித் தரைத் தகரத்தை மிதித்துப் பாருங்கள். கதவைத் திறந்து, தூக்காமல் பூட்டுங்கள். எஞ்சின் ஓடாமல் கிடந்தாலும் தகரம் நல்லதென்றால் நான் எடுப்பேன். ஓடுகிற எஞ்சினோடு உக்கின உடம்பை ஓசியில் தந்தாலும் வேண்டாம். அப்புறம் பதிவுப் புத்தகம். இடம்பெயர்வுகளில் புத்தகம் தொலைந்த வண்டிகள், இரண்டை வெட்டி ஒன்றாக்கின வண்டிகள் எல்லாம் சந்தையில் இருக்கின்றன. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் நீங்களே துடைத்து வாசித்துப் பாருங்கள், விற்கிறவர் வாசித்துச் சொல்ல விடாதீர்கள்.