எரிக்சனா, நோக்கியாவா? ஒரே ஒப்பந்தம், இரண்டு பங்குகள்

2023 டிசம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி தன் 5ஜி வலையமைப்பைப் புதுப்பிக்கும் பெரிய வேலையை, வலையமைப்புக் கருவிகள் செய்யும் ஸ்வீடனின் எரிக்சனிடம் கொடுத்தது. ஐந்தாண்டில் 1,400 கோடி டாலர் வரை செலவாகலாம் என்றார்கள். ஸ்டாக்ஹோமில் எரிக்சன் பங்கு ஏறியது. அந்த வேலை கைநழுவிய போட்டியாளர், பின்லாந்தின் நோக்கியா, ஹெல்சின்கியில் பலமாகச் சறுக்கியது.

எரிக்சன் பக்கத்துக் குஷி எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் பட்டது. அந்த 1,400 கோடி உச்சவரம்புதானே, அதுவும் ஐந்தாண்டுக்குப் பிரித்து வருவது. நோக்கியாவை விற்றவர்களுக்கோ கையில் காரணம் இருந்தது: செல்பேசி வலையமைப்புப் பிரிவின் இரட்டை இலக்க (10 சதவீதமோ அதற்கு மேலோ) லாப விகித இலக்கை இரண்டாண்டு வரை தள்ளிவைக்க நேரலாம் என்று நிறுவனமே சொல்லிவிட்டது.

சரி, நோக்கியாவுக்கு அந்த வாசல் அடைபட்டதா? இல்லை. 2024 செப்டம்பரில் அதே ஏடி அண்ட் டி, வீட்டு ஃபைபர் இணையக் கருவிகளுக்கு நோக்கியாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது.