ஊளையிடும் ஃபாயிலோடு இரண்டு வருடம்

நேற்று ராத்திரி பாதிக்கு மேல், என் ஃபாயிலின் மாஸ்ட்டுக்குள் ஒடிந்துபோன ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஃபாயில் என்றால், சறுக்குப் பலகைக்கு அடியில் மாட்டி, ஓடும்போது பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் இறக்கை. காலையில் நண்பன் கேட்கிறான்: "உன் ஃபாயில் எப்படிடா? விலை இன்னும் குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" நேரம் பார்த்துக் கேட்டான். பதிலில் காரம் கூடினால் அந்த போல்ட்தான் காரணம்.

பலகையிலிருந்து கீழே இறங்கும் தண்டு, அதாவது மாஸ்ட், அலுமினியம்; அதன் அடியில் படுக்கையாக இருக்கும் ஃப்யூஸ்லாஜும் அலுமினியம்; அதில் முன்னால் ஒன்றும் வாலில் ஒன்றுமாக கார்பன் இறக்கை இரண்டு. மற்ற விவரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. கையில் விங், அதாவது காற்றை வாங்கி இழுக்கும் சின்னப் பாய், பிடித்து ஓட்டுகிறவன் நான். பலகை தண்ணீரை விட்டு எழும்பும் அந்த நொடியில் விலை குறைந்தது, கூடியது என்று எந்த வித்தியாசமும் தெரியாது. அலையின் தட்டல் நின்றுபோகும், பலகை மிதப்பது மட்டும் தெரியும். முதல் ஒரு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் இதைப் புகழ்ந்து தள்ளினேன்.

புகழ்ந்தபோது சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: இது ஊளையிடும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் காலுக்கடியில் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்து, வேகம் கூடக்கூட உச்சஸ்தாயிக்குப் போகும். காதை விடுங்கள், உள்ளங்காலே கூசும். போல்ட்டை இறுக்கினேன், மாஸ்ட்டை மாற்றிப் பார்த்தேன், பலகையைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் இன்னொருவருடைய வால் இறக்கையை இரவல் வாங்கி மாட்டியதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. குற்றவாளி வால்தான்.

இறக்கையின் பின்விளிம்பு தடிமனாக, வெட்டிவிட்டதுபோல மொட்டையாக இருந்தால், அதைத் தாண்டிப் போகும் தண்ணீர் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல் விடும். அந்தச் சுழல்களின் தாளமும் இறக்கையின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால் இறக்கை பாட ஆரம்பித்துவிடும். கப்பல் புரொப்பெல்லர்களுக்கும் இதே வியாதி உண்டு. அங்கேயும் விளிம்பைச் சீவித்தான் வாயை அடைக்கிறார்கள்.

நானும் உப்புத்தாளை எடுத்தேன். முதல் தடவை இரண்டு பக்கமும் தேய்த்து விளிம்பை உருண்டையாக்கிவிட்டேன். சுருதி மாறியதே தவிர பாட்டு நிற்கவில்லை. அடுத்த தடவை 400 நம்பர் தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு, ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்த்தேன். ஈரமாகவே தேய்க்க வேண்டும், கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விளிம்பு கூராகி, விரலை ஓட்டினால் ஒரு பக்கம் சரிவு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்தினேன். மறுநாள் தண்ணீரில் இறங்கினால் அப்படியொரு நிசப்தம்! வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அந்த நிசப்தத்தில்தான் அடுத்த சத்தம் கேட்டது. 'டக், டக்.' மாஸ்ட்டும் ஃப்யூஸ்லாஜும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, மெல்லிய பட்டையாக உள்ளே செருகினேன். இன்றுவரை அதுதான் தாங்குகிறது.

அப்புறம் தூக்கல். வேகம் இரட்டித்தால் இறக்கையின் தூக்குவிசை நான்கு மடங்காகும். வால் இறக்கை பின்பக்கத்தைக் கீழே அழுத்துவதால்தான் பலகையின் மூக்கு நிமிர்கிறது. என்னுடையதில் அந்த அழுத்தம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. வேகம் எடுத்தால் முன்காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், தொடை கழன்றுவிடும். இதில் வால் ஃப்யூஸ்லாஜின் மேல் உட்காருகிறது என்பதால், அதன் முன் போல்ட் இருக்குமிடத்தில், வாலுக்கும் ஃப்யூஸ்லாஜுக்கும் நடுவில் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்து வாலின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். ஒரு டிகிரிகூட இருக்காது, ஆனால் வேறு ஃபாயிலில் ஏறியதுபோல் இருந்தது.

சரி, போல்ட் கதைக்கு வருகிறேன். உப்புத்தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மரையில் கிரீஸ் தடவ வேண்டும். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; மூன்று வாரம் சோம்பேறித்தனமாக அப்படியே போட்டுவைத்தேன். ஆனால் அந்த போல்ட்டின் தலை வெண்ணெய்போல வழித்துக்கொண்டு வந்ததற்கு நான் பொறுப்பில்லை. அடுத்து கழுத்து ஒடிந்தது. சூடு காட்டி, எண்ணெய் ஊற்றி, கடைசியில் டிரில் போட்டுத்தான் எடுத்தேன்.

அதனால் நண்பனிடம் சொன்னேன்: வாங்காதே. தேய்க்கவும் செருகவும் பிடித்தவனுக்குத்தான் இது சரிப்படும், உனக்கு வண்டிக்குக் காற்றடிக்கவே பொறுமை கிடையாது.

"அப்போ உன்னோடதை எனக்குக் கொடுத்துடு, நீ நல்லதா ஒண்ணு வாங்கிக்க" என்றான். அதெல்லாம் முடியாது. சனிக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கட்டும். போல்ட் திருகும் அலன் கீ மட்டும் அவனே கொண்டுவர வேண்டும், என்னுடையது முனை மழுங்கிக் கிடக்கிறது.